சுண்டைக்காய்க் காந்தத்தின் சுமைகூலிச் சரித்திரம்

முதலில் கணக்கு, கதை அப்புறம். ஒரு சிப்புக்குள் உட்கார்ந்திருக்கும் நாற்பது நானோமீட்டர் அகலக் குட்டிக் காந்தம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வடமுனை மேலே என்றால் 1, கீழே என்றால் 0. அறையின் சூடே அதைப் புரட்டிவிடாமல், கோடிக்கணக்கான கூட்டாளிகளோடு பத்து வருடம் சொன்ன சொல் மாறாமல் நிற்க வேண்டுமானால், இரண்டு நிலைக்கும் நடுவே ஒரு சுவர் வேண்டும். அந்தச் சுவரின் உயரம் சுமார் கால் அட்டோஜூல். ஒரு ஜூலைக் கோடி கோடியாகப் பிரித்து, அதில் ஒரு துண்டை மறுபடி பத்து லட்சமாக நறுக்கினால் கிடைக்கும் பொடியில் இருபத்தைந்து துணுக்கு. அந்தச் சுவரைத் தாண்டவைக்க நாம் செலவழிப்பதோ, அரை வோல்ட், 50 மைக்ரோஆம்பியர், 10 நானோவினாடி என்று வைத்துக்கொண்டால், 250 ஃபெம்டோஜூல். வகுத்துப் பாருங்கள். சுவரைப் போலப் பத்து லட்சம் மடங்கு.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று அங்கலாய்த்த நம் ஊர்ப் பெரியவர் கொடுத்துவைத்தவர். அவர் காலத்துக் கூலிக்காரன் வெறும் மூன்று மடங்குதான் கேட்டிருக்கிறான்.

இந்தக் கூலியைக் குறைக்க மனிதகுலம் என்னென்ன கூத்தடித்தது என்பதுதான் ஸ்பின்ட்ரானிக்ஸ் என்ற துறையின் சரித்திரம். முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். இதில் வரும் பெரிய மனிதர்களில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவேண்டும் என்று புறப்பட்டவர்கள் கடைசி இருபது வருடத்தில்தான் தட்டுப்படுகிறார்கள். அதற்கு முன்னால் ஒருவருக்குப் புகழ், ஒருவருக்குக் காப்புரிமை, ஒருவருக்கு ராணுவ ஒப்பந்தம், ஒருவருக்குச் சும்மா தெரிந்துகொள்ளும் அரிப்பு. சிக்கனம் அவர்கள் தடுக்கி விழுந்த இடங்களில் கிடந்தது.

தொடக்கம் டென்மார்க். 1820இல் கோபன்ஹேகனில் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தபோது, மின்சாரம் ஓடிய கம்பிக்குப் பக்கத்தில் இருந்த திசைகாட்டி முள் திரும்பியது. பக்கத்தில் கம்பியை வை, மின்சாரத்தை விடு, காந்தம் திரும்பும். அன்றிலிருந்து ஏறக்குறைய நூற்று எண்பது வருடம் இதுதான் வேதவாக்கு. இதில் உள்ள ஊதாரித்தனம் அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. கம்பியைச் சுற்றி எழும் காந்தப்புலத்துக்குக் குறிவைக்கத் தெரியாது. நாம் புரட்ட நினைக்கும் காந்தத்தின்மேலும் படும், சம்பந்தமில்லாத நாலு பேர்மேலும் படும், மிச்சம் காற்றில் போகும். கம்பியோ சூடாகிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு டேனிஷ்காரர் வால்டெமார் பௌல்சன், 1898இல் எஃகுக் கம்பியில் குரலைக் காந்தமாகப் பதிந்துவைக்கும் கருவியைச் செய்தார். 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஆஸ்திரியப் பேரரசர் ஃப்ரான்ஸ் ஜோசஃப் அதன்முன் நின்று, மிகவும் சுவாரசியமாக இருந்தது என்ற பொருளில் இரண்டு வார்த்தை பேசினார். ரிப்பன் வெட்டப் போகும் இடத்தில் எந்தப் பெரிய மனிதரும் பேசும் பேச்சு. பேரரசர் 1916இல் போனார், பேரரசு 1918இல் போனது, பேச்சு இன்னும் இருக்கிறது. வைத்துக்கொள்ளக் காந்தம் காலணா கேட்பதில்லை. மாற்றச் சொல்லும்போதுதான் கூலி.

காந்தம் எதனால் காந்தமாக இருக்கிறது என்று தெரியாமலேயே இந்தப் பிழைப்பு ஓடியது. தெரியவந்த விதம் அதைவிடக் கேவலம். முதல் உலகப் போர் முடிந்து, ஜெர்மனியில் பணம் காகிதமாகிக்கொண்டிருந்த காலம். ஃப்ராங்ஃபர்ட்டில் ஓட்டோ ஸ்டெர்ன், வால்டர் கெர்லாக் என்ற இருவர், வெள்ளியை உலையில் ஆவியாக்கி, அந்த அணுக்களை ஒரு காந்தத்தின் இடுக்கு வழியாக விட்டு, மறுபக்கம் ஒரு தகட்டில் எங்கே போய் விழுகிறது என்று பார்க்க விரும்பினார்கள். காசில்லை. மாக்ஸ் போர்ன், ஐன்ஸ்டைனின் சார்பியல் பற்றிப் பொதுக்கூட்டத்தில் பேசி, நுழைவுக் கட்டணம் வசூலித்துச் சோதனைக்குக் கொடுத்தார். ஐன்ஸ்டைன் பெயருக்கு அப்போது சினிமா நட்சத்திரத்துக்குரிய கூட்டம் வரும். அதுவும் பற்றாமல், நியூயார்க்கில் இருந்த வங்கிக்காரர் ஹென்றி கோல்ட்மனிடமிருந்து டாலரில் ஒரு காசோலை வந்து சேர்ந்தது.

எல்லாம் வந்தது, தகட்டில் ஒன்றையும் காணோம். விழுந்த வெள்ளி அத்தனை மெல்லிசு. ஸ்டெர்ன் தகட்டைக் கையில் வாங்கி, முகத்துக்கு அருகே வைத்து உற்றுப் பார்க்கப் பார்க்க, கரிய தடம் மெல்லத் தெரிய ஆரம்பித்தது. காரணம் அவருடைய சுருட்டு. உதவிப் பேராசிரியர் சம்பளத்துக்கு நல்ல சுருட்டு கட்டுப்படியாகாது. மட்டமான சுருட்டில் கந்தகம் தாராளம். கந்தகம் பட்ட வெள்ளி கறுக்கும். இது பல வருடங்களுக்குப் பிறகு ஸ்டெர்னே சொன்ன கதை. பல்கலைக்கழகம் அன்றைக்கு அவருக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுத்திருந்தால் இயற்பியல் சில மாதமாவது தள்ளிப்போயிருக்கும். ஆராய்ச்சி மாணவர்களின் உதவித்தொகையை ஏற்றாமல் வைத்திருக்கும் அதிகாரிகள் யாரும் தயவுசெய்து இந்தப் பத்தியைப் படிக்க வேண்டாம்.

1922 பிப்ரவரியில் முடிவு வந்தது. வெள்ளி ஒரே பட்டையாகப் பரவாமல் இரண்டாகப் பிரிந்து விழுந்திருந்தது. கெர்லாக் அந்தப் படத்தை ஒட்டிய அஞ்சலட்டை ஒன்றை நீல்ஸ் போருக்கு அனுப்பி, உங்கள் கொள்கை நிரூபணமாகிவிட்டது என்று வாழ்த்தினார். போருக்கு மகிழ்ச்சி. ஆனால் அவர்கள் பார்த்தது போரின் கொள்கையை அல்ல, எலக்ட்ரானின் ஸ்பின்னை. எலக்ட்ரான் ஒவ்வொன்றும் தன்னளவில் ஒரு காந்தம், அளந்தால் மேலே அல்லது கீழே என்று இரண்டே பதில்தான் சொல்லும் என்பது அப்போது உலகத்தில் யாருக்கும் தெரியாது. வாழ்த்து வந்துவிட்டது, வாழ்த்தப்பட வேண்டியது பிறக்க இன்னும் மூன்று வருடம்.

பிறப்பும் சுகப்பிரசவம் இல்லை. 1925 ஜனவரியில் ரால்ஃப் க்ரோனிக் என்ற இருபது வயதுப் பையன், எலக்ட்ரான் தன்னைத்தானே சுற்றுகிறது என்று வைத்தால் பல குழப்பம் தீரும் என்று வோல்ஃப்காங் பௌலியிடம் போய்ச் சொன்னான். பௌலியின் நாக்கைப் பற்றி அந்தக் கால இயற்பியலாளர்கள் எல்லோருக்கும் ஒரு கதை இருக்கும். கெட்டிக்காரத்தனமாகத்தான் இருக்கிறது, ஆனால் இயற்கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்கிற தோரணையில் அவர் ஒதுக்கிவிட, பையன் அச்சிலேற்றாமல் வைத்துவிட்டான். அதே வருடம் ஹாலந்தின் லைடனில் ஜார்ஜ் உலன்பெக், சாமுவேல் கௌட்ஸ்மிட் என்ற இருவருக்கும் இதே யோசனை. எழுதிப் பேராசிரியர் ஏரன்ஃபெஸ்டிடம் கொடுத்தார்கள். அவர், பெரியவர் லோரன்ஸையும் ஒரு வார்த்தை கேளுங்கள் என்றார். லோரன்ஸ் பொறுமையாகக் கணக்குப் போட்டு, எலக்ட்ரான் இந்த வேகத்தில் சுற்றினால் அதன் விளிம்பு ஒளியைவிடப் பல மடங்கு வேகமாக ஓட வேண்டியிருக்குமே தம்பி என்று காட்டினார். பதறிப்போய் இருவரும் ஏரன்ஃபெஸ்டிடம் ஓடி, கட்டுரையைத் திருப்பிக் கொடுங்கள் என்றார்கள். அதை அனுப்பி எவ்வளவோ நாளாயிற்று, உங்களுக்குச் சின்ன வயதுதானே, ஒரு முட்டாள்தனம் செய்தால் தாங்கும் என்பது அவருடைய பதிலின் சாரம்.

முட்டாள்தனம் சரியாகப் போயிற்று. எலக்ட்ரான் உண்மையில் பம்பரமாகச் சுற்றவில்லை. ஆனால் சுற்றினால் என்ன கணக்கு வருமோ அந்தக் கணக்கு மட்டும் அதனிடம் இருக்கிறது. ஏன் என்று கேட்டால் இயற்பியலாளர்கள் பேச்சை மாற்றுவார்கள். பௌலிக்கு 1945இல் நோபல் பரிசு வந்தது. லைடன் பையன்களுக்குக் கடைசிவரை வரவில்லை. க்ரோனிக்கைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

தத்துவம் இப்படி வளர, அடியாள் வேலைக்குக் காந்தத்தைக் கூப்பிட்டவர்கள் கணினிக்காரர்கள். 1950களின் கணினிக்கு ஞாபகசக்தி கிடையாது. பாதரசக் குழாய், வெற்றிடக் குழாய் என்று எதையெதையோ முயன்று, எல்லாம் மறதி நோயில் போன நிலையில், எம்.ஐ.டி.யின் ஜே ஃபாரெஸ்டர் ராணுவத்துக்காகச் செய்துகொண்டிருந்த வேர்ல்விண்ட் என்ற கணினியில் 1953இல் ஃபெரைட் வளையங்களை மாட்டினார். குட்டிக் குட்டி வளையங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள். ஒரு கம்பியில் பாதி மின்சாரம், இன்னொன்றில் பாதி. இரண்டும் சந்திக்கும் வளையம் மட்டும் புரளும். பாதி வாங்கிய மற்ற வளையங்கள் சிலிர்த்துவிட்டுச் சும்மா இருக்கும். ஒவ்வொரு கம்பியிலும் சில நூறு மில்லிஆம்பியர். பெண்கள் உருப்பெருக்கியின் கீழே குனிந்து, கண்ணைக் கெடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வளையமாகக் கையால் கோத்தார்கள். காப்புரிமைக்கான சண்டையை ஆண்கள் போட்டார்கள். ஹார்வர்டில் இதற்கு அடிப்படையைக் கண்ட ஆன் வாங் தன் காப்புரிமையை ஐபிஎம்முக்கு 5 லட்சம் டாலருக்கு விற்று, அந்தக் காசில் சொந்தக் கம்பெனியை வளர்த்தார். எம்.ஐ.டி. பொறுமையாக நின்று 1964இல் 1.3 கோடி டாலர் கறந்தது.

இந்த வளைய ஞாபகத்தை வாசிக்கும் முறையைச் சொன்னால் சிரிப்பீர்கள். உள்ளே இருப்பது 1ஆ 0ஆ என்று நேரடியாகக் கேட்க முடியாது. வலுக்கட்டாயமாக 0 எழுது. வளையம் புரண்டு ஒரு துடிப்பு வந்தால், ஐயையோ, அது 1ஆக இருந்திருக்கிறது. மறுபடி 1 எழுது. கேட்பதற்காகவே அழித்து, அழித்த குற்றத்துக்குத் திருப்பி எழுதி, இரண்டு கூலி. ஆனாலும் மின்சாரம் போனாலும் மறக்காது என்ற ஒரே நல்ல குணத்தால் இருபது வருடம் ஆண்டது.

அதை வீழ்த்தியது 1970இல் இன்டெல் இறக்கிய 1103 என்ற டி-ராம் சிப். மலிவு, சிறிசு, வேகம். ஒரே குறை, மறதி. வழக்கமான டி-ராம் 64 மில்லிவினாடிக்கு ஒருமுறை, அதாவது வினாடிக்குப் பதினைந்து தடவை, தனக்குத்தானே எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லிக்கொள்ள வேண்டும். நீங்கள் தூங்கினாலும் அது சொல்லிக்கொண்டிருக்கும், மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். சும்மா இருக்கச் செலவில்லாத ஞாபகத்தைக் கொடுத்துவிட்டு, சும்மா இருக்கவும் காசு கேட்கும் ஞாபகத்தை வாங்கினோம். அந்த நாளில் மின்சாரம் யாருக்கும் ஒரு பொருட்டாக இல்லை.

நடுவில் ஒரு கோமாளி வந்துபோனார். பெல் ஆய்வகத்தின் குமிழி ஞாபகம். மெல்லிய காந்தப் படலத்துக்குள் குமிழி குமிழியாகக் காந்தப் பகுதிகளை உண்டாக்கி, வெளியே சுருள் வைத்து, சுழலும் காந்தப்புலத்தால் அவற்றை ஊர்வலம் அனுப்புவார்கள். ஒரு குமிழி வேண்டுமென்றால் ஊர்வலம் முழுவதும் நகர வேண்டும். 1979இல் இன்டெல்லே பத்து லட்சம் பிட் குமிழி சிப் விற்றது. ஜப்பானின் கொனாமி 1985இல் இதை வைத்து வீடியோ கேம் இயந்திரம் செய்தது. குளிரில் குமிழி வேலை செய்யாது என்பதால், காலையில் ஸ்விட்ச் போட்டதும் இயந்திரம் எண்களை இறங்குவரிசையில் எண்ணிக்கொண்டு, ஒரு பாட்டும் போட்டுக்கொண்டு, உடம்பு சூடேறக் காத்திருக்கும். மார்கழிக் காலையில் அதைத் திட்ட நமக்கு வாய்ப்புக் கிடைக்காமல் போனது நஷ்டம்தான்.

இதுவரை எல்லோரும் எலக்ட்ரானின் மின்னூட்டத்தை மட்டும்தான் வேலை வாங்கினார்கள். ஸ்பின் பாடப்புத்தகத்தில் சும்மா இருந்தது. 1988இல் இரண்டு பேர் தனித்தனியாக அதை எழுப்பினார்கள். பாரிசுக்கு அருகே ஓர்சேயில் ஆல்பெர்ட் ஃபெர்ட், ரக்பி ஆடும் பேராசிரியர். ஜெர்மனியின் யூலிஷில் பீட்டர் க்ரூன்பெர்க். இரும்பு, குரோமியம், இரும்பு என்று சில அணு தடிமனில் அடுக்கி, நடுவே மின்சாரம் விட்டார்கள். இரும்பு அடுக்குகள் ஒரே திசையில் இருந்தால் மின்தடை குறைவு. எதிரெதிர் திசை என்றால் அதிகம். தன் ஸ்பின்னுக்கு ஒத்த காந்தத்தில் எலக்ட்ரான் சுலபமாக நுழையும், ஒவ்வாததில் முட்டும். க்ரூன்பெர்குக்கு அறை வெப்பநிலையில் மின்தடை ஒன்றரைச் சதவீதம் மாறியது. ஃபெர்ட் நிறைய அடுக்கு வைத்து, திரவ ஹீலியத்தில் குளிரவும் வைத்ததால் கிட்டத்தட்டப் பாதியாகவே குறைந்தது. க்ரூன்பெர்க் கட்டுரைக்கு முன்னால் காப்புரிமை அலுவலகத்துக்கு வழி தெரிந்தவர். 2007இல் நோபல் பரிசு இருவருக்கும். இதை எடுத்து வியாபாரமாக்கி, 1997இல் ஐபிஎம்மின் ஹார்டு டிஸ்கில் வாசிப்பு முனையாகப் பொருத்தவைத்த ஸ்டூவர்ட் பார்க்கினுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. நம் கையில் திணிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான பாட்டுகளுக்கும் கல்யாண வீடியோக்களுக்கும் முக்கியக் காரணஸ்தர் அவர். பரிசுக் குழு கல்யாண வீடியோ பார்ப்பதில்லை போலிருக்கிறது.

இதற்கெல்லாம் பதின்மூன்று வருடம் முன்பே, 1975இல், பிரான்சின் ரென் நகரில் மிஷெல் ஜூலியேர் என்ற ஆராய்ச்சி மாணவர் இரண்டு காந்தங்களுக்கு நடுவே மெல்லிய ஜெர்மேனியம் வைத்து, எலக்ட்ரான்கள் அதை ஊடுருவும்போது மின்தடை 14 சதவீதம் மாறுவதைக் கண்டிருந்தார். கடுங்குளிரில் மட்டும். யாரும் சீந்தவில்லை. இருபது வருடம் கழித்து, 1995இல், எம்.ஐ.டி.யில் ஜகதீஷ் மூதெராவும் ஜப்பானின் செண்டாயில் தெருனோபு மியாசாகியும் அலுமினியம் ஆக்சைடைத் தடுப்பாக வைத்து அறை வெப்பநிலையிலேயே அதைக் காட்ட, எல்லோரும் ஜூலியேர் கட்டுரையைத் தூசி தட்டி மேற்கோள் காட்ட ஆரம்பித்தார்கள். 2004இல் தடுப்பை மாற்றினார்கள். வயிற்றுப் புளிப்புக்குக் கொடுக்கும் அதே மெக்னீசியா, மெக்னீசியம் ஆக்சைடு. மின்தடை மாற்றம் ஒரே தாவலில் 200 சதவீதத்தைத் தொட்டது.

ஆக, வாசிப்புக்கூலி ஒழுங்காகக் குறைந்தது. அழித்துப் பார்க்க வேண்டாம். சின்ன மின்சாரம் விட்டு மின்தடையைக் கேட்டால் போதும். எழுதுகூலி? 2006இல் அரிசோனாவில் ஃப்ரீஸ்கேல் கம்பெனி 40 லட்சம் பிட் எம்ராம் என்ற காந்த ஞாபகச் சிப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதற்குள் எட்டிப் பார்த்தவர்களுக்கு எங்கேயோ பார்த்த ஞாபகம் வந்திருக்கும். குறுக்கே ஒரு கம்பி, நெடுக்கே ஒரு கம்பி, சந்திக்கும் இடத்தில் காந்தம் புரளும். ஐம்பது வருடம், இரண்டு புரட்சி, ஒரு நோபலுக்கான கண்டுபிடிப்பு எல்லாம் கடந்து, திரும்ப அதே வளையக்கம்பிதான். கோக்கும் பெண்கள் மட்டும் இல்லை. ஒரு பிட்டுக்கு மில்லிஆம்பியர் கணக்கில் மின்சாரம். அதைவிடக் கொடுமை, காந்தத்தைச் சிறிதாக்கினால் கூலி ஏறும். சிறிய காந்தம் சூட்டில் தானாகப் புரளாமல் இருக்க அதைப் பிடிவாதக்காரனாகச் செய்ய வேண்டும்; பிடிவாதக்காரனைத் திருப்ப இன்னும் பெரிய காந்தப்புலம் வேண்டும்; பெரிய காந்தப்புலத்தில் பக்கத்து வீட்டுக் காந்தமும் சேர்ந்து திரும்பும். மற்ற மின்னணுப் பொருள் எல்லாம் சுருங்கச் சுருங்கச் சிக்கனமாகும்போது இது மட்டும் சுருங்கச் சுருங்க ஊதாரியானது.

இதற்கு மருந்து பத்து வருடம் முன்பே எழுதப்பட்டிருந்தது. 1996இல் ஐபிஎம்மின் ஜான் ஸ்லான்செவ்ஸ்கியும் கார்னகி மெலனின் லுக் பெர்கரும் தனித்தனியாக ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். பெர்கர் எழுபதுகளின் இறுதியிலிருந்தே மின்னோட்டம் காந்தப் பகுதிகளை இழுத்துக்கொண்டு போகும் என்று எழுதிவந்தவர். விஷயம் இதுதான்: காந்தம் எலக்ட்ரானைத் திருப்புகிறது என்றால், எலக்ட்ரானும் காந்தத்தைத் திருப்பத்தானே வேண்டும்? நியூட்டன் சொன்ன எதிர்வினை அதற்கு மட்டும் விலக்கா? ஒரு நிலையான காந்தத்தின் வழியாக எலக்ட்ரான்களை விட்டு ஸ்பின்னை ஒரே திசைக்குச் சீர்படுத்தி, அந்தக் கூட்டத்தை அடுத்த மெல்லிய காந்தத்துக்குள் அனுப்பினால், ஒவ்வொன்றும் தன் சுழற்சியை அதன் தலையில் இறக்கிவிட்டுப் போகும். போதுமான பேர் போனால் காந்தம் புரளும். 2000ஆம் ஆண்டையொட்டி கார்னெல் பல்கலைக்கழகத்தினர் கோபால்ட் தூண்களில் செய்தும் காட்டினார்கள். தூரத்திலிருந்து கத்துவதை நிறுத்திவிட்டு உள்ளே போய்த் தோளைப் பிடித்துத் திருப்பும் முறை. காந்தம் சிறிதானால் கடக்கும் மின்சாரமும் குறையும். முதன்முதலாகச் சுருக்கமும் சிக்கனமும் ஒரே திசையில் நடந்தன.

தொல்லை இல்லாமல் இல்லை. ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கோடி ஆம்பியர் என்ற அடர்த்தியில் ஒரு நானோமீட்டர் தடிமனே உள்ள மெக்னீசியா வழியாக மின்சாரம் விட்டால் அது எத்தனை நாள் தாங்கும்? வாசிக்கும் வழியும் எழுதும் வழியும் ஒன்றே என்பதால், சும்மா என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கப்போய் மாற்றி எழுதிவிட்டு வரும் அபாயம் உண்டு. இன்னொரு வேடிக்கை: வரும் எலக்ட்ரானின் ஸ்பின்னும் காந்தமும் துல்லியமாக ஒரே கோட்டில் இருந்தால் திருப்பும் விசையே பூஜ்யம். அறையின் சூடு காந்தத்தைக் கொஞ்சம் ஆட்டிவிடும்வரை மின்சாரம் சும்மா ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எந்தச் சூடு எதிரி என்று அத்தனை பெரிய சுவர் கட்டினோமோ, அதே சூட்டின் தயவுக்காக மீட்டரை ஓடவிட்டுக் காத்திருக்கிறோம்.

2010இல் செண்டாயில் ஹிதேயோ ஓனோவின் குழு கூலியில் ஒரு பெரிய வெட்டு வெட்டியது. அதுவரை காந்தங்கள் படலத்தில் படுத்த வாக்கில் இருந்தன. படுத்திருப்பது புரளும்போது நடுவில் ஒருமுறை எழுந்து நிற்க வேண்டியிருக்கும். மெல்லிய படலத்தில் எழுந்து நிற்பது பெரும் செலவு, அந்தச் செலவால் ஞாபகத்துக்கு ஒரு நன்மையும் இல்லை. நின்ற வாக்கிலேயே காந்தத்தை வைத்தால் அந்தத் தண்டம் மிச்சம். எந்தப் பொருளில் அது முடியும் என்று உலகமே அபூர்வ உலோகக் கலவைகளைத் தேடிக்கொண்டிருக்க, ஓனோ குழு எல்லோரும் ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருந்த கோபால்ட்-இரும்பு-போரான் கலவையையே எடுத்து, 1.3 நானோமீட்டருக்கு மெல்லிதாக்கியது. மெக்னீசியாவோடு ஒட்டும் பரப்பின் வேலையாலேயே காந்தம் எழுந்து நின்றது. நாற்பது நானோமீட்டர் அகலம், 49 மைக்ரோஆம்பியர். ஆரம்பத்தில் நான் போட்ட கணக்கு இந்தச் சாதியைச் சேர்ந்ததுதான். மில்லிஆம்பியர் காலத்தோடு ஒப்பிட்டால் இதுவே தர்மப்பிரபு.

2019 மார்ச்சில் சாம்சங் தன் 28 நானோமீட்டர் சிப்புகளுக்குள் இந்த எம்ராமைப் பதித்து விற்க ஆரம்பித்தது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு, விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள். எழுதும் ஒவ்வொரு முறையும் எம்ராம் சாதாரண எஸ்-ராம் ஞாபகத்தைவிட அதிகமாகவே சாப்பிடும். லாபம் வருவது அது தூங்கும்போது. பெரும்பாலான நேரம் ஒன்றும் செய்யாமல் கிடக்கும் சென்சாருக்கும் கைக்கடிகாரத்துக்கும் இது தெய்வம். ஓயாமல் எழுதிக்கொண்டிருக்கும் செயலிக்குள் வைத்தால் குடும்பம் தெருவுக்கு வரும். அரசு அலுவலகங்களில் முதலில் அறிமுகப்படுத்தலாம் என்பது என் தாழ்மையான யோசனை.

எலக்ட்ரானைத் தடுப்பு வழியாகத் துளைத்து அனுப்பாமல், கீழே ஒரு பட்டையில் பக்கவாட்டில் ஓடவிட்டாலென்ன என்பது அடுத்த ஞானம். இதற்கான யோசனை 1971இல் லெனின்கிராடில் இருந்த த்யாகோனொவ், பெரெல் என்ற இருவரின் தாளில் உறங்கிக்கொண்டிருந்தது: கனமான அணுக்களுள்ள பொருளில் மின்சாரம் ஓடினால் ஒருவகை ஸ்பின் மேலேயும் மறுவகை கீழேயும் ஒதுங்கும். நாற்பது வருடம் கழித்து, 2011இல் கிரெனோபிளில் மிரோன் குழுவும், 2012இல் டான்டலத்தை வைத்து கார்னெல் குழுவும் அந்த ஒதுக்கத்தால் காந்தத்தைப் புரட்டின. வேகம் பிரமாதம், தடுப்பும் பிழைத்தது. ஆனால் ஒரு பிட்டுக்கு இரண்டு டிரான்சிஸ்டர் காவல், நின்ற காந்தமானால் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று சொல்ல வெளியிலிருந்து ஒரு சின்னக் காந்தப்புலம். துரத்திவிட்ட பழைய கூலிக்காரன் கொல்லை வாசல் வழியாக மேஸ்திரியாக வந்து நின்றான்.

மின்சாரத்தை ஓடவிடுவதையே நிறுத்தினால்? ஓடினால்தானே சூடு. 2009இல் ஒசாகாவின் சுசுகி குழு, சில அணு தடிமனுள்ள இரும்பின்மேல் வெறும் மின்னழுத்தம் கொடுத்தே அதன் பிடிவாதத்தைக் குறைக்கலாம் என்று காட்டியது. பிறகு வந்த சோதனைகளில் செலவு சில ஃபெம்டோஜூலுக்கு இறங்கியது. ஆனால் இந்த முறையில் காந்தத்தை ஆடவிட்டு, பாதி ஆட்டத்தில் துல்லியமாக நிறுத்த வேண்டும். நானோவினாடியில் ஒரு சொச்சம் பிசகினால் ஒரு சுற்றுச் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். போதாததற்கு, 0வை 1ஆக்கும் அதே துடிப்பு 1ஐ 0வாக்கும். எழுதுவதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று வாசித்தே தீர வேண்டும். வளையக் காலத்தில் வாசிப்பதற்காக எழுதினோம். இப்போது எழுதுவதற்காக வாசிக்கிறோம்.

இங்கேதான் நம்மூர்க்காரர் ஒருவர் வருகிறார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து, பெங்களூர் வழியாக அமெரிக்கா போன ராமமூர்த்தி ரமேஷ். பிஸ்மத் ஃபெரைட் என்ற பொருளின் மெல்லிய படலத்தை 2003இல் அவருடைய மேரிலாண்ட் குழு உருவாக்கியது. மின்முனையும் காந்த ஒழுங்கும் ஒரே உடம்பில் குடியிருக்கும் விநோதப் பிறவி அது. மின்னழுத்தத்தால் முதலாவதைத் திருப்பினால் இரண்டாவது கூடவே வரும். ஆனால் முழுசாக எதிர்த்திசைக்கு வருமா? ஒரே தாவலில் வராது என்பது அன்றைய கணக்கு. 2014இல் பெர்க்லியில் ஜான் ஹெரனும் ரமேஷும் பார்த்தபோது அது இரண்டு தவணையாக, கொஞ்சம் இப்படியும் கொஞ்சம் அப்படியும் திரும்பி, மொத்தத்தில் முழு எதிர்த்திசைக்கே போய்ச் சேர்ந்தது. ஸ்பின் செலுத்தும் முறைக்கு ஆகும் ஆற்றலில் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு. தவணையில் கட்டினால் வட்டி கூடும் என்ற உலக நியதி இங்கே மட்டும் தலைகீழ். 2018 இறுதியில் இன்டெல்லின் சசிகாந்த் மணிபத்ருனி குழுவினரும் ரமேஷும் சேர்ந்து, இதையே வைத்துக் கணக்குப் போடும் சாதனத்தை முன்வைத்தார்கள்: இன்றைய டிரான்சிஸ்டரைவிடப் பத்து முதல் முப்பது மடங்கு குறைந்த ஆற்றல், ஐந்தில் ஒரு பங்கு மின்னழுத்தம். காகிதத்தில். காகிதத்தில் எல்லாமே சிக்கனம்தான்.

பிஸ்மத் ஃபெரைட்டின் காந்த ஒழுங்கு அண்டை அயல் அணுக்கள் எதிரெதிராக நின்று வெளியே ஒன்றும் தெரியாத வகை என்பதைச் சொல்லாமல் போனால் லூயி நெயெலுக்குக் கோபம் வரும். அந்த வகையைக் கண்டுபிடித்ததற்காக 1970இல் நோபல் வாங்கியவர். பரிசு வாங்கிய மேடையிலேயே, இவை கொள்கையளவில் சுவாரசியம், பயன்தான் ஒன்றும் தென்படவில்லை என்ற பொருள்பட உரைத்தவரும் அவரே. அந்தப் பயனற்ற சரக்குதான் பிறகு ஒவ்வொரு ஹார்டு டிஸ்க் முனையிலும் நிலையான காந்தத்தை அசையாமல் பிடித்து வைத்தது. கண்டுபிடித்தவர் பேச்சைக் கேட்காமல் இருப்பது இந்தத் துறையில் ஒரு நல்ல பழக்கமாகவே வளர்ந்துவந்திருக்கிறது.

ஒருவரை மட்டும் இவ்வளவு நேரம் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தேன். ரோல்ஃப் லாண்டாவர், ஐபிஎம். ஒரு பிட்டை அழித்தால் குறைந்தபட்சம் இவ்வளவு சூடு வெளியே போயே தீரும், எந்தக் கொம்பனாலும் அதற்குக் கீழே பேரம் பேச முடியாது என்று 1961இல் எழுதிவைத்தவர். அறை வெப்பநிலையில் அது சுமார் 3 ஜெப்டோஜூல்; நம் கால் அட்டோஜூல் சுவரில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. சுவரைவிடக் குறைவாக எப்படி என்றால், சுவரை ஏறிக் குதிக்க வேண்டியதில்லை. முதலில் சுவரை இறக்கு, காந்தத்தை நிதானமாக அந்தப் பக்கம் தள்ளு, பிறகு சுவரை ஏற்று. இறக்கிய ஆற்றல் வீணாகாமல் திரும்பிவிடும். அவசரப்படுபவன்தான் அதிகம் கொடுக்கிறான். 2016இல் பெர்க்லியில் ஜெஃப்ரி போக்கர் குழு நானோகாந்தங்களை வைத்து இதை அப்படியே செய்தது. காந்தங்களை மெல்ல மெல்லத் திருப்பி, ஒவ்வொன்றுக்குள்ளும் சூடாகப் போன ஆற்றலை அளந்தது. லாண்டாவர் சொன்ன எல்லைக்கு ஒத்துவந்தது. உலகத்திலேயே மிகச் சிக்கனமான காந்தப் பிட். அதைத் திருப்பச் சுற்றிலும் மின்காந்தம் வைத்திருந்தார்கள், திரும்பியதா என்று பார்க்க லேசர் வைத்திருந்தார்கள். அவற்றுக்கான மின்கட்டணம் கட்டுரையில் இல்லை.